இயங்குதளம் இல்லாத மடிக்கணினியும் லினக்ஸும்

கடையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு மடிக்கணினிகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். செயலி, நினைவகம், திரை ஆகிய யாவும் ஒன்றே. விலையில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. விலை குறைந்ததன் அட்டையில் ‘டாஸ்’ அல்லது ‘ஃப்ரீடாஸ்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். விண்டோஸ் இயங்குதளத்திற்கான உரிமக் கட்டணம் அவ்விலையில் சேரவில்லை என்பதே இதன் பொருள்.

இத்தகைய கணினியை வாங்குவோரிடம், “விண்டோஸை இலவசமாகவே போட்டுத் தருகிறோம்” என்று சிலர் முன்வருவதுண்டு. அது பெரும்பாலும் உரிமம் பெறாத நகலாகவே இருக்கும். அதன் பூட்டை உடைக்கப் பயன்படும் சிறு நிரலுடன், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்து பிறருக்கு அனுப்பும் தீய நிரலும் உள்ளே நுழையக்கூடும். அக்கணினியில் இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது, பெட்டகத்தின் சாவியை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைப்பதற்கு நிகராகும்.

நேரிய வழிகள் இரண்டு. விண்டோஸ் உரிமத்தை விலை கொடுத்து வாங்குவது ஒன்று. கட்டணமின்றிச் சட்டப்படி கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொள்வது மற்றொன்று. பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், இன்று உபுண்டு, மின்ட், ஃபெடோரா எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே.

புதியவர்களுக்கு உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் இப்பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

நிறுவும் முறை

முதலில், நம்பகமான வேறொரு கணினியிலிருந்து உபுண்டுவின் அதிகாரபூர்வ இணையதளத்திற்குச் சென்று கோப்பைப் பதிவிறக்கம் செய்க. பிற தளங்களிலிருந்து பெறுதல் கூடாது. அதே தளத்தில் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியீடு வெளியிடப்பட்டிருக்கும். விண்டோஸ் கணினியின் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்னும் கட்டளை, பதிவிறக்கிய கோப்பின் குறியீட்டைக் காட்டும். இரண்டும் ஒத்திருந்தால் கோப்பு மாற்றப்படவில்லை என்று அறியலாம். காசோலையில் கையொப்பத்தை ஒப்பிடுவது போன்றதே இது. தவிர்க்கக் கூடாத படி.

அடுத்து, 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பென் டிரைவில், ‘ரூஃபஸ்’ போன்ற மென்பொருளின் துணையுடன் அக்கோப்பை எழுதுக. பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

பின்னர், புதிய மடிக்கணினியில் அதைச் செருகி, இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்துக. நிறுவனத்திற்கேற்ப இது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என மாறும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் உபுண்டு திரையில் தோன்றும். நிறுவுவதற்கு முன்பே அதை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. வைஃபை, ஒலி, கேமரா, தொடுபலகை ஆகியவை இயங்குகின்றனவா என்று அப்போதே சோதித்துக்கொள்க.

நிறைவு ஏற்பட்டபின் நிறுவலைத் தொடங்கலாம். ‘வட்டை முழுவதும் அழித்து நிறுவுக’ என்ற தேர்வு, உங்கள் தரவுகள் ஏதுமில்லாத புதிய கணினிக்கு மட்டுமே பொருந்தும். அங்கேயே வட்டை மறையாக்கம் செய்யும் வசதியையும் தேர்ந்தெடுக்கலாம். கணினி களவு போனாலும் அதிலுள்ள கணக்கு அறிக்கைகளையும் ஆவணங்களையும் பிறர் படிக்க இயலாது. ஆனால் அதற்கான கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க இயலாது; எழுதிப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும். நிறுவி முடித்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணி, மேம்படுத்தல்கள் அனைத்தையும் ஏற்பதாகும்.

முன்பே அறிய வேண்டியவை

ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியின் வழியே வங்கி இணையதளத்தைப் பயன்படுத்தலாம். கடிதம், கணக்குத் தாள் போன்றவற்றிற்கு லிப்ரே ஆஃபிஸ் உள்ளது. தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும். எனினும், டேலி போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே உருவாக்கப்பட்டவை. மின்னணுக் கையொப்பக் கருவியைப் பயன்படுத்தும் வணிகர்கள், அதற்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று வழங்கியவரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

எந்த இயங்குதளமும் ஏமாற்றுவோரின் சொல்லிலிருந்து நம்மைக் காக்காது. ஒருமுறைக் கடவுச்சொல்லை நாமே வாய்மொழியாகக் கூறிவிட்டால் லினக்ஸாலும் தடுக்க இயலாது. பணம் பறிபோனதை அறிந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும்.

மடிக்கணினியில் மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய், கணக்கில் உள்ள பணமும் பத்திரமாக இருக்கும்போதுதான் உண்மையான சேமிப்பாகும்.