காந்தத்தின் கணக்கை எழுதும் ஊடுகதிர்

காந்தத்தன்மை என்பது, மின்னணுக்களின் தற்சுழற்சியும் அணுக்கருவைச் சூழ்ந்த அவற்றின் சுற்றியக்கமும் ஆகிய இருவகைக் கோண உந்தங்கள் பொருளெங்கும் ஒருமுகப்பட்டு நிற்பதால் விளையும் பண்பு. இரும்பிலும் நிக்கலிலும் பெரும்பங்கு தற்சுழற்சிக்கே உரியது. இத்துறை நமக்குப் புதிதன்று: வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன், படிகங்களை நுண்ணிழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை முறுகும் அளவைக்கொண்டு திசைக்குத் திசை வேறுபடும் காந்தப்பண்பைக் கணித்தார். அவர் அளந்தது நிலைத்து நிற்கும் பண்பு. இங்கு விளக்கப் புகுவது நொடியின் மிகச் சிறு கூறுக்குள் மாறும் பண்பு.

நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு பெம்டோநொடி. அதன் ஆயிரம் மடங்கு பிக்கோநொடி. 1996இல் பிரான்சு நாட்டில் போர்பேர் குழுவினர் நிக்கல் படலத்தின்மீது 60 பெம்டோநொடிச் சீரொளித் (லேசர்) துடிப்பைப் பாய்ச்ச, அதன் காந்தத்தன்மை ஒரு பிக்கோநொடி நிறையுமுன் சரிந்தது. அவ்விரைவினும் வியப்புக்குரியது அது எழுப்பிய கணக்கு. கோண உந்தம் அழியாது. ஓரிடத்தில் குறைந்தது வேறோரிடத்தில் கூடியாக வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் நீரில், ஒன்றில் குறைந்தது எதில் ஏறியது என்று தஞ்சை உழவர் கேட்கும் கேள்விதான் இது. தற்சுழற்சியினின்று வடிந்த உந்தம் சுற்றியக்கத்தில் சேர்ந்ததா, அணுக்கள் அடுக்கி நிற்கும் அணுக்கோப்பில் சேர்ந்ததா?

கட்புலனாகும் ஒளிக்கு இவற்றைப் பிரித்தறிவது அரிது. ஊடுகதிர் வகைபிரித்துக் காட்டும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல் அளவில் ஊடுகதிரை உட்கவரும். அக்கதிர் வலமாகவோ இடமாகவோ வட்டமுனைவு பெற்றிருப்பின், காந்தம் நிற்கும் திசைக்கேற்ப உட்கவர்வு கூடும் அல்லது குறையும். இதுவே காந்த இருநிறமை. 1987இல் செருமனியில் கிசெலா சூட்சு இதனை இரும்பில் கண்டார். தற்சுழற்சியின் பங்கையும் சுற்றியக்கத்தின் பங்கையும் தனித்தனியே கணிக்கும் நெறிகள் சில ஆண்டுகளில் வகுக்கப்பட்டன.

எஞ்சிய தேவை குறுந்துடிப்பு. மின்னணுக்களைச் சுழலவிட்டு ஊடுகதிர் உண்டாக்கும், இந்தூரில் இயங்கும் இந்துசு-2 போன்ற தேக்கி வளையங்களின் துடிப்பு, இயல்பு நிலையில், இவ்வாய்வுக்கு மிக நீண்டது. பெர்லினில் உள்ள அத்தகைய வளையத்தில், சுழலும் மின்னணுக் கொத்திலிருந்து சீரொளியால் ஒரு கீற்றை அரிந்தெடுத்து, 100 பெம்டோநொடி அளவிலான துடிப்பை உண்டாக்கினர். 2007இல் அதனால் நிக்கலை ஆய்ந்தபோது, உந்தம் சுற்றியக்கத்தில் தேங்காமல் அணுக்கோப்புக்குச் சென்றது புலப்பட்டது. 2019இல் வெளியான ஆய்வு அளவையும் தந்தது: கலிபோர்னியாவின் கட்டிலா மின்னணுச் சீரொளிக் கருவியில், இரும்பின் தற்சுழற்சி இழந்த உந்தத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, பிக்கோநொடிக்கும் குறைந்த காலத்தில் அணுக்கோப்பை அடைந்து, படலத்தில் குறுக்கலையாய் எழுந்தது. காந்தமாக்கும்போது இரும்புத் தண்டு தானே திரும்பும் என 1915இல் ஐன்சுடைனும் தெ ஆசும் நிறுவிய உண்மை, இங்கு அணுக்களின் அளவில் மீண்டும் மெய்ப்பட்டது.

தனிமம் பிரித்தறியும் ஆற்றலின் முழுப்பயனை 2011இல் கண்டனர். இரும்பும் கடோலினியமும் கலந்த உலோகத்தில் அவ்விரண்டின் காந்தங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கும். சீரொளி பட்டதும் இரும்பின் காந்தம் 300 பெம்டோநொடியில் மறைய, கடோலினியத்துக்கு 1.5 பிக்கோநொடி ஆயிற்று. இடைப்பட்ட வேளையில் இரும்பு திசைமாறி, இரண்டும் ஒருதிசையில் நின்றன. அடுத்த ஆண்டே, புறக்காந்தப்புலம் எதுவுமின்றி, சீரொளித் துடிப்பு தரும் வெப்பத்தாலேயே இவ்வுலோகத்தின் காந்தத்தைத் திருப்பலாம் என்று நிறுவப்பட்டது.