புது வீட்டில் மின்சாரம் எங்கே போகிறது?

சொந்த வீடு வாங்கிக் குடிபுகுவது ஒரு குடும்பத்திற்குப் பெரிய மகிழ்ச்சி. பால் காய்ச்சியாயிற்று, சாமான்களை அடுக்கியாயிற்று. ஆனால் வீட்டுக் கடனின் மாதத் தவணை தொடங்கிய வேளையில் முதல் மின்கட்டணமும் வந்து சேர்கிறது. “விளக்கை அணை, விசிறியை நிறுத்து” என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். எதை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும்? இதற்கு ஒரு கைக்கடிகாரமும், நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலும் போதும்.

முதலில் ‘யூனிட்’ என்பது என்ன என்று பார்ப்போம். 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்னாற்றல் 1 கிலோவாட்-மணி. இதுவே 1 யூனிட். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். எனவே 1 யூனிட் = 1,000 × 3,600 = 36 லட்சம் ஜூல்.

இப்போது உங்கள் வீட்டு மின்மீட்டரைத் தள்ளி நின்று பாருங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும். இக்கால மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண்ணும் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொள்வோம். 36 லட்சத்தை 3,200-ஆல் வகுத்தால் 1,125. அதாவது, ஒவ்வொரு சிமிட்டலும் 1,125 ஜூல் செலவானதைக் குறிக்கிறது.

இனிச் சோதனை. பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, குளிர்பதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் சில நிமிடம் நிறுத்துங்கள். விளக்கு சிமிட்டக் கூடாது. அப்போதும் சிமிட்டினால் மின்சாரம் எங்கோ செலவாகிறது அல்லது கசிகிறது என்று பொருள். புதிதாகக் குடிபுகுந்த வீட்டில் இதை உடனே மின்பணியாளரிடம் காட்ட வேண்டும். கட்டணம் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா?

அடுத்து, கூடத்து மின்விசிறியை மட்டும் போடுங்கள். ஒரு சிமிட்டலைச் சுழி என்று கொண்டு, பத்தாவது சிமிட்டல் வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். 150 நொடி ஆயிற்று என்றால், 11,250 ஜூலை 150-ஆல் வகுக்க, விசிறியின் திறன் 75 வாட். இப்படியே ஒவ்வொரு கருவியையும் அளக்கலாம். அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் தொலைக்காட்சியும் அதன் துணைப்பெட்டியும் சேர்ந்து 112 நொடிக்கு ஒரு முறை சிமிட்ட வைத்தால் அது 10 வாட். சிறிய அளவுதான். ஆனால் 60 நாள் இரவும் பகலும் ஓடினால் 14.4 யூனிட் ஆகிவிடும்!

இனி ஒரு கேள்வி. 1,000 லிட்டர் நீரைத் தரைத் தொட்டியிலிருந்து 10 மீட்டர் உயரத்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது அதிகச் செலவா, ஒருவர் குளிக்க 15 லிட்டர் வெந்நீர் போடுவது அதிகச் செலவா? மோட்டார் போடும் ஓசையைக் கேட்டவர்கள் முன்னதையே சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம்.

நீரை ஏற்றத் தேவையான ஆற்றல்: 1,000 × 9.8 × 10 = 98,000 ஜூல். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 30 சதவீதத் திறமையுடன்தான் வேலை செய்கின்றன என்று கொண்டாலும் செலவு சுமார் 3.3 லட்சம் ஜூல். இது 0.09 யூனிட்.

வெந்நீருக்கு: 1 கிலோ நீரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 15 கிலோ நீரை 20 டிகிரி உயர்த்த 15 × 4,200 × 20 = 12.6 லட்சம் ஜூல். இது 0.35 யூனிட். ஒரு வாளி வெந்நீர், ஒரு தொட்டி நீரை மாடிக்கு ஏற்றுவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு செலவு!

காரணம் என்ன? இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1840-களில் எடைக்கற்களை விழச் செய்து, அதனால் சுழலும் துடுப்புகளால் நீரைக் கலக்கி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்தார். அந்தக் கணக்குப்படி, நீரை 1 டிகிரி சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு அதே நீரைச் சுமார் 428 மீட்டர் உயரத்திற்குத் தூக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஆறரை மடங்கு உயரம்! வெப்பம் அவ்வளவு விலையுள்ள சரக்கு.

நான்கு பேர் நாள்தோறும் இவ்வாறு குளித்தால் 60 நாளில் 84 யூனிட். 20 டிகிரிக்குப் பதில் 15 டிகிரி சூடாக்கினால் 21 யூனிட் மிச்சம். பகல் வெயிலில் மாடித் தொட்டி நீர் தானே சூடேறியிருக்கும் மாலையில் குளித்தால் செலவே இல்லை.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதை அறிவீர்களா? அது காற்றை நகர்த்துகிறது. நம் வியர்வை விரைந்து ஆவியாகி உடல் குளிர்கிறது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி, தான் வாங்கிய 75 வாட்டையும் வெப்பமாக்கி அறையிலேயே விடுகிறது. அதனால் யாருக்கும் பயனில்லை.

அடுப்படிக்கும் இதே நியாயம்தான். 30 டிகிரியில் உள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 2.94 லட்சம் ஜூல் போதும். அதை முழுவதும் ஆவியாக்க 22.6 லட்சம் ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். திறந்த பாத்திரத்தில் கொதித்த பிறகு எவ்வளவு எரித்தாலும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. மிகுதி எரிவாயு நீராவியாகிச் சன்னல் வழியே போகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள்.

நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடும். ஆகவே நாம் மிச்சப்படுத்துவது மேல்படியில் உள்ள விலை மிகுந்த யூனிட்டுகளையே.

கடைசியாக ஒன்று. 9 வாட் எல்.இ.டி. விளக்கில் தினமும் நான்கு மணி நேரம் படித்தால் 60 நாளில் செலவு 2.16 யூனிட்தான். சிக்கனம் என்ற பெயரில் படிக்கும் விளக்கையோ பாட்டியின் தலைமாட்டு விசிறியையோ நிறுத்த வேண்டியதில்லை. மின்சுற்றின் நில இணைப்புக் கம்பியிலும் சிக்கனம் கூடாது. எங்கே வெப்பம் உண்டாகிறதோ அங்கே பாருங்கள்: வெந்நீர்க் கருவி, சலவைப் பெட்டி, மின் அடுப்பு.

ஒரு நோட்டில் கருவி, வாட், ஒரு நாளில் ஓடும் மணி, 60 நாள் யூனிட் என்று நான்கு பத்தி போடுங்கள். சிமிட்டல்களை எண்ணி நிரப்புங்கள். பின்பு கூட்டுத்தொகையை அடுத்த மின்கட்டணக் கணக்குடன் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியானால், நீங்கள் இன்னும் எண்ணாத கருவி ஒன்று வீட்டில் இருக்கிறது. அது எது என்று தேடிப் பிடியுங்கள்!