கறுத்த பாறையில் வெளுத்த ஆடுகள்

கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் ஊரில் மட்டுராங்கோ அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலுள்ள கோசோ மலையின் பாறைச் செதுக்கல்களைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே சரி. செதுக்கல்கள் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், நினைத்த நேரத்தில் அங்கே நுழைந்துவிட முடியாது.

கருங்கல்லில் ஆயிரக்கணக்கான உருவங்கள். பெரும்பாலும் பெருங்கொம்புக் காட்டாடுகள். சாயம் எதுவும் பூசவில்லை. பிறகு எப்படித் தெரிகின்றன?

பாலைவனப் பாறைமீது காற்று கொண்டுவரும் களிமண் தூசு படிகிறது. அதில் மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடுகளாகச் சேர்ந்து இறுகுகின்றன. மாங்கனீசு கருமை தருகிறது, இரும்பு செம்மை தருகிறது. மாங்கனீசு இவ்வளவு செறிவாகச் சேர்வதில் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த மேற்பூச்சு ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகூட வளர்வது அரிது. அத்தனை பொறுமையான வேலை! கல்லுளியால் கொத்தியதும் பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் வெளிறிய கல் கோடாகிறது.

கொத்திய இடத்திலும் பூச்சு மீண்டும் மெல்லப் படியும். அதனால் ஒரே பாறையில் மங்கிக் கறுத்த ஆடு பெரும்பாலும் மூத்தது, பளிச்சென்ற ஆடு இளையது. வேறு வேறு பாறைகளை இப்படி ஒப்பிடக் கூடாது. ஈரமும் நிழலும் தூசும் இடத்துக்கு இடம் மாறும்.