வீட்டில் துணி துவைக்கும் இடத்தைத் திட்டமிடுதல்

புதிதாக வீடு கட்டுவோர், வாயில் எத்திசை நோக்க வேண்டும், சமையலறை எங்கு அமைய வேண்டும் என்பவற்றைப் பன்முறை ஆலோசிக்கின்றனர். துணி துவைக்கும் இடத்தைப் பற்றி ஆலோசிப்பவர் மிகச் சிலரே. வீட்டு வேலை முடிந்த பின்னர், கொல்லைப்புறத்தில் ஏதேனும் ஒரு மூலையில் ஒரு கல்லைப் போட்டு விடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அக்கல்லின் முன் குனிந்து நின்று பாடுபடுபவர் வீட்டுப் பெண்மணியே. ஆகையால், இடம் தவறாக அமையுமாயின் அதன் துன்பம் முழுவதும் அவரையே சாருகிறது.

முன்னாளில் ஆற்றங்கரையிலும் குளத்துப் படித்துறையிலும் துணி துவைத்தனர். ஊரக வீடுகள்தோறும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரைக் குழாய் மூலம் அளிக்கும் நோக்குடன் 2019-ஆம் ஆண்டில் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கப்பெற்றது. நீர் வீட்டிற்கு வந்ததும் துவைக்கும் வேலையும் வீட்டிற்கு வந்தது. அழுக்கு நீரும் உடன் வந்தது. நீர் வரும் வழியைப் பற்றிக் கவலை கொண்ட நாம், அது போகும் வழியைப் பற்றியும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வேலையின் வரிசை

ஊறவைத்தல், தேய்த்தல், அலசுதல், பிழிதல், உலர்த்துதல், மடித்தல் என்று துவைக்கும் வேலை ஆறு படிகளைக் கொண்டது. இவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அமைந்தால் வீண் நடை குறையும். குழாயின் அருகில் ஊறவைக்கும் தொட்டி, அடுத்துத் துவைகல், அதனை அடுத்து அலசும் தொட்டி, அதற்கப்பால் கொடி என அமைத்துக் கொள்ளலாம்.

ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. 15 லிட்டர் கொள்ளும் குடத்தைப் பத்து முறை சுமந்தால் 150 கிலோவைச் சுமந்தவராகிறோம். துவைகல் குழாய்க்கு அருகில் இருப்பின் இச்சுமை அறவே இல்லை. அருகில் அமைக்க இயலாவிடில், ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி நீரைக் கொண்டுவரலாம். கடைசியாக அலசிய நீரைக் கொட்டிவிடாமல், அடுத்த துணிகளை ஊறவைக்கப் பயன்படுத்தினால் நீரும் மிச்சமாகும். கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் உள்ள ஊர்களில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. அங்கே கூரையிலிருந்து விழும் மழைநீரைச் சேமித்துத் துவைக்கப் பயன்படுத்தினால் சோப்புச் செலவு குறையும்.

கல்லும் தளமும்

தரையோடு தரையாகக் கிடக்கும் கல் இடுப்பு வலிக்குக் காரணமாகிறது. துவைப்பவர் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு எவ்வுயரத்தில் உள்ளதோ, அவ்வுயரமே கல்லுக்கு ஏற்றது. பெரும்பாலான பெண்களுக்கு இது ஏறத்தாழ 2½ அடியாகும். கல்லைச் சுற்றி 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட சிமெண்டுத் தளம் போதுமானது. 4 அடிக்கு 1 அங்குலம் வீதம் வாட்டம் இருத்தல் வேண்டும். தளத்தை வழவழப்பாகப் பூசாமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டால் கால் வழுக்காது.

நீர் போகும் வழி

தேங்கிய கழிவுநீரில் கொசு முட்டையிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே புதிய கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இத்தகைய அழுக்கு நீரிலேயே பெருகுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ தொட்டியில் சேமித்த நல்ல நீரை நாடுகிறது. ஆதலின் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் அவசியம்.

தளத்திலிருந்து வரும் நீரை உறிஞ்சுகுழியில் விடலாம். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குழி தோண்டி, அடியில் பெருங்கற்களும், நடுவில் சிறு கற்களும், மேலே சரளையும் இட வேண்டும். குழியின் வாயிலில் அடியில் துளையிட்ட பானையொன்றைப் பதித்து, அதில் தேங்காய் நாரை வைத்தால் நூலும் கசடும் அதில் தங்கிவிடும். நாரை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 30 அடி தூரம் இருக்கட்டும்.

களிமண் நிலத்தில் குழி நீரை எளிதில் உறிஞ்சாது. அங்கே சிறு வாய்க்கால் வெட்டி, வாழைக்கும் கல்வாழைக்கும் நீரைப் பாய்ச்சலாம். சோப்பிலும் சலவைத் தூளிலும் உள்ள உப்பு ஒரே இடத்தில் சேர்ந்தால் மண் கெடும். எனவே நாள்தோறும் பாத்தியை மாற்றுதல் நன்று. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கும் கீரைகளுக்கும் இந்நீர் ஆகாது. குழந்தைகளின் மலத்துணி அலசிய நீரைக் கழிப்பறையிலேயே ஊற்ற வேண்டும்.

உலர்த்தும் இடம்

வெயிலும் காற்றும் செலவில்லாத கிருமிநாசினிகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென்புறம் திறந்த இடத்தில் கொடி கட்டினால் அந்நாட்களிலும் வெயில் கிடைக்கும். இரண்டு கொடிகளுக்கிடையே ஒரு முழமேனும் இடைவெளி விடுக. மழை நாட்களுக்கெனத் தாழ்வாரத்தில் தனிக் கொடியொன்று இருத்தல் நலம்.

இங்கே ஒன்றைத் தயக்கமின்றிக் கூற விரும்புகிறோம். மாதவிலக்குத் துணிகளைப் பல வீடுகளில் இருண்ட மூலைகளிலும் பிற துணிகளின் அடியிலும் மறைத்து உலர்த்துகின்றனர். ஈரம் நீங்காத துணி நோய்க்கு இடம் தரும். கொல்லையில் தட்டியால் மறைத்து, மேலே வானம் பார்த்தவாறு ஒரு சிறு கொடிக்கு இடம் ஒதுக்கினால் மானமும் காக்கப்படும், உடல்நலமும் காக்கப்படும்.

கொடியை மின்கம்பத்திலோ, கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ ஒருபோதும் கட்டலாகாது. உலோகக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து, ஈரத்துணியைத் தொட்டவர் உயிரிழந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். நைலான் கயிறே தக்கது. சலவை இயந்திரம் உள்ள வீடுகளில் அதனை நீர் தெறிக்காத மேடையில் வைத்து, நில இணைப்புள்ள மூன்று துளைப் பிளக்கில் இணைக்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை, முன்யோசனையே வேண்டும். கொத்தனாரை அழைக்குமுன், வீட்டில் துவைப்பவரைக் கொல்லைப்புறத்தில் நிற்கச் செய்து, கல் எங்கே, கொடி எங்கே என்று அவரையே கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். துவைப்பவரின் முதுகு நிமிர்ந்திருப்பதும், கொல்லை உலர்ந்திருப்பதுமே நல்ல வீட்டிற்கு அடையாளமாகும்.