அப்டன் பார்க்கிலிருந்து ட்விக்கன்ஹாம் வரை

அப்டன் பார்க்கில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி ரிச்மண்டில் மாறினால், ஒன்றரை மணி நேரத்தில் ட்விக்கன்ஹாம். இங்கிலாந்து ரக்பி அணியின் மைதானம் அங்கேதான். அதே தூரத்தை ஒரு பையன் ஆட்டக்காரனாகக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும். 1904 முதல் 2016 வரை வெஸ்ட் ஹாம் கால்பந்து நடந்த பேட்டை அப்டன் பார்க். அதனால் ரக்பி பக்கம் பிள்ளையைக் கூட்டிப்போக நம் தமிழ் வீடுகளில் தயக்கம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கோ ஆட்டம் புதிதல்ல. கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றனவே! போகும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: சேருவது

வெஸ்ட் ஹாம் ஹாலண்ட் ரோட்டில் ஈஸ்ட் லண்டன் ரக்பி கிளப் இருக்கிறது. எந்த கிளப்பானாலும், ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வீழ்த்துவதில்லை. இடுப்புப் பட்டியில் தொங்கும் நாடாவை உருவினால் போதும். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் 'டாக்கிள்', அதாவது பிடித்து வீழ்த்துவது, ஆரம்பம்.

இரண்டாம் படி: பிடிக்கப் பழகுவது

முதலில் பல்லுக்குக் காப்பு வாங்குங்கள். வெந்நீரில் முக்கி இளக்கி, பிள்ளை வாயில் வைத்துக் கடித்தால் பல்வரிசைக்கு ஏற்றபடி படிந்துவிடும். அடுத்து பிடி. கபடியில் தொடைப்பிடி போடுவதைப் போலத்தான்: குனிந்து போய், தோளை எதிராளியின் தொடையில் பதித்து, இரு கைகளாலும் வளைத்து இறுக்க வேண்டும். தலை அவன் உடம்புக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் நீட்டினால் ஓடிவருபவனின் முழங்கால் நேரே தலையில் மோதும். 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிக்குக் கீழேதான் பிடிக்கலாம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே வந்துவிட வேண்டும். 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. இந்த விதியில் அப்பாவும் அம்மாவும் கறாராக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணில் படுவது

பதினான்கு, பதினைந்து வயதில் பள்ளி, கிளப் பயிற்சியாளர்கள் பெயர் கொடுப்பார்கள். பெரிய கிளப்புகளின் அகாடமிகள் கூப்பிட்டுப் பார்க்கும். லண்டனில் சரசென்ஸ், ஹார்லெக்வின்ஸ். அந்த வயதில் ஒருவன் ஆறடி வளர்ந்திருப்பான், இன்னொருவனுக்கு மீசைகூட அரும்பியிருக்காது. ஒரு தடவை விடுபட்டால் மனம் தளரவேண்டாம். கேம்டனில் பிறந்த நைஜீரியக் குடும்பத்துப் பையன் மாரோ இட்டோஜே ரக்பியைத் தொட்டதே பதினோரு வயதில்தான். 2014-ல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி வென்றார். 2025-ல் பிரிட்டிஷ் - ஐரிஷ் லயன்ஸ் அணியின் கேப்டன்.

நான்காம் படி: ஒப்பந்தம்

பதினெட்டில் அகாடமி ஒப்பந்தம் கிடைக்கலாம். காலையில் எடைப் பயிற்சி, பிறகு ஆட்ட வீடியோ, பிறகு மைதானம். ஆட்டம் பழக இரண்டாம் நிலை கிளப்புக்கு அனுப்பி வைப்பார்கள். இப்படிச் சம்பளம் வாங்கி ஆடும் விவகாரத்தில் நாம் கிளம்பிய ஊரின் பெயருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. பிரஸ்டன் கிளப் காசு கொடுத்து ஆட்களை ஆடவைக்கிறது என்று 1884-ல் புகார் செய்தது அப்டன் பார்க் என்ற கால்பந்து கிளப்தான். மறுவருஷமே கால்பந்து சம்பளத்தை ஏற்றுக்கொண்டது. ரக்பி யூனியன் ஏற்றது 1995-ல். தொழிலாக இது இன்னும் இளசு, அஸ்திவாரம் ஆடுகிறது. 2022-ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் கிளப்புகளும், 2023-ல் லண்டன் ஐரிஷும் கடனில் விழுந்தன. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களும் வேலை தேட வேண்டியதாயிற்று.

எல்லாப் படிக்கும் அடியில்

அதனால்தான் சொல்கிறேன்: புத்தகத்தை மூடிவிட்டு மைதானத்துக்குப் போகச் சொல்லாதீர்கள். சரசென்ஸுக்கு ஆடிக்கொண்டே லண்டன் சோவாஸ் கல்லூரியில் அரசியல் படித்தார் இட்டோஜே. முழங்கால் ஒருநாள் கைவிடலாம். பட்டம் கூடவே இருக்கும். ஆட்டமா படிப்பா என்று பிள்ளையை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்காத வீடுதான் அவனை நெடுந்தூரம் ஓடவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு போய் மைதானத்து ஓரம் நில்லுங்கள். சேறும் சகதியுமாக வந்து, அடுத்த ஞாயிறும் போகலாமா என்று அவனே கேட்டால், முதல் படி ஏறியாயிற்று.