ட்ரைபார்ஸ் 'ட்ரூ' சொன்னால் நம்பலாமா?

ஏபிஐ வழியாகவோ, யாரோ நிரப்பிய எக்செல் ஃபைலிலிருந்தோ ஒரு ஸ்ட்ரிங் வருகிறது. அது நம் நிரலில் உள்ள எனுமரேஷன், சுருக்கமாக எனம், அதன் பெயர்களில் ஒன்றுதானா என்று பார்க்கணும். (பேச்சில் 'ஈனம்' என்றுதான் சொல்கிறோம். எழுதினால் அர்த்தம் கெட்டுவிடும்!)

சி ஷார்ப்பில் பலரும் யோசிக்காமல் எடுப்பது எனம்.ட்ரைபார்ஸ். எக்ஸெப்ஷன் எறியாது, ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் சொல்லும். பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் நாம் கேட்பது 'இது பட்டியலில் உள்ள பெயரா?' அது பதில் சொல்வதோ 'இதை இந்த எனமாக மாற்ற முடியுமா?' என்ற வேறு கேள்விக்கு.

ஆர்டர் நிலைக்கு ஒரு எனம் வைப்போம்: பெண்டிங் 0, பெய்டு 1, ஷிப்டு 2, கேன்சல்டு 3. "77" என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்துப் பாருங்கள். ட்ரூ வரும். எனம் என்பது உள்ளே வெறும் முழு எண்தான். எண்ணாகப் படிக்க முடிந்தால் அதற்குப் போதும்.

சரி, கூடவே எனம்.இஸ்டிஃபைண்டு போட்டால்? 77 மாட்டிக்கொள்ளும், "3" நழுவிவிடும். அதைவிட மோசம், "பெய்டு,ஷிப்டு" என்று கமா போட்டு வருவது. ஃப்ளாக்ஸ் என்று குறிக்காத எனமாக இருந்தாலும் ட்ரைபார்ஸ் இரண்டையும் பிட்வைஸ் ஆர் செய்துவிடும். 1, 2 சேர்ந்து 3. பணம் கட்டி, அனுப்பியும் ஆன ஆர்டர் கேன்சல்! 3 பட்டியலில் இருப்பதால் இஸ்டிஃபைண்டும் தலையாட்டும். லாகில் ஒரு பிழையும் இருக்காது.

ஜாவாவின் வேல்யூஆஃப் இதில் கறார். எழுத்துக்கு எழுத்து பொருந்தணும், இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன். அங்கே வம்பு, அதற்கு முன் நாம் போடும் டுஅப்பர்கேஸில். துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் ஆங்கிலச் சின்ன 'ஐ', புள்ளி வைத்த பெரிய 'ஐ' ஆகிவிடும், 'பெய்டு' பொருந்தாது. லோக்கேல்.ரூட் கொடுத்தால் தீர்ந்தது.

நான் வைப்பது ஒரு டிக்‌ஷனரி. வெளியிலிருந்து வரும் சொல் ஒரு பக்கம், எனம் மறுபக்கம். ஸ்ட்ரிங்கம்பேரர்.ஆர்டினல்இக்னோர்கேஸ் கொடுத்துக் கட்டி, ட்ரைகெட்வேல்யூவில் தேடினால் போதும். நாலு பெயருக்கு நாலு வரி, அவ்ளோதான். எண்ணும் கமாவும் உள்ளே வராது. நாளைக்கு யாராவது எனத்தில் பெயரை மாற்றினாலும் வெளியே இருப்பவருக்கு எதுவும் உடையாது.

தேடல் தோற்றால் கைக்கு வருவது 0, அதாவது பெண்டிங். அதனால் ஃபால்ஸ் வந்தால் மதிப்பைத் தொடாதீர்கள். நல் வந்தால் டிக்‌ஷனரி எக்ஸெப்ஷன் எறியும், அதை முன்னாடியே பார்த்துவிடுங்கள்.