வீட்டு நாயின் பல்லையும் பாருங்கள்

சந்தையில் மாடு பிடிக்கப் போகும் விவசாயி, துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கிறார். பல் போடாததா, இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறார். அதே விவசாயி தம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் சின்ன நாயின் வாயை ஒரு நாளாவது திறந்து பார்த்திருப்பாரா என்றால், பெரும்பாலும் இல்லை. சோறு தின்கிறது, குரைக்கிறது, அது போதும் என்று விட்டுவிடுவதே வழக்கம்.

பொமரேனியன், டாஷ்ஹண்ட், பக் போன்ற சிறு ஜாதி நாய்கள் இன்று கிராமங்களிலும் பெருகிவிட்டன. பட்டணத்தில் படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி வருகிறான். படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் நாய் தோட்டத்து வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பாகிவிடுகிறது. தயிர்ச் சாதமும் பாலில் ஊறிய பிஸ்கட்டும் தின்று வளரும் இந்த நாய்கள் 12, 15 ஆண்டுகள் வரை இருக்கக் கூடியவை. ஆனால் ஐந்தாறு வயதிலேயே பல்லெல்லாம் ஆடி, கிட்டே வந்தால் வாய் நாற்றம் தாங்காமல், வாசலில் கட்டப்பட்டுவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். நாய்க்கு வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். அது வயது அல்ல, நோய்.

சிறு நாய்க்கு ஏன் அதிகம்?

நாய்க்குட்டி பிறக்கும்போது பல் இராது. மூன்றாவது வாரத்திலிருந்து பால் பற்கள் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்திற்குள் 28 பற்கள் வந்துவிடும். நான்காவது மாதத்தில் இவை விழத் தொடங்கும். ஏழாவது மாதத்திற்குள் மேல் தாடையில் 20, கீழ்த் தாடையில் 22 ஆக 42 நிலைப் பற்கள் அமையும். (குட்டி வாங்குவோருக்கும் இந்தக் கணக்கு உதவும். முன்பற்கள் மாறத் தொடங்கிய குட்டியை இரண்டு மாதக் குட்டி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.)

ராஜபாளையம் நாய்க்கும் 42 பல்தான், மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் பொமரேனியனுக்கும் 42 பல்தான். சின்னத் தாடையில் அத்தனை பற்களும் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்குகளில் உணவு தங்குகிறது. அதோடு உமிழ்நீரும் கிருமிகளும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. இரண்டு மூன்று நாட்களிலேயே இந்தப் படலம் இறுகத் தொடங்கி, மஞ்சளும் பழுப்புமான காரையாக மாறிவிடுகிறது. காரை ஈறுக்குள் இறங்கினால் ஈறு சிவந்து வீங்கி, ரத்தம் கசிந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். சிறு நாயின் கீழ்த் தாடை மெல்லியது. எலும்பு மிகவும் கரைந்த நிலையில், திண்ணையிலிருந்து குதித்ததற்கே தாடை முறிந்துபோகும் நாய்களும் உண்டு.

மனிதருக்கு வருவது போன்ற சொத்தைப் பல் நாய்க்கு அபூர்வம். நாயின் தொல்லை பெரும்பாலும் ஈறில்தான். மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஓரளவாவது இருக்கிறது என்பது கால்நடை மருத்துவர்கள் கண்ட உண்மை.

சிறு நாய்களில் இன்னொரு குறையும் அடிக்கடி காணப்படும். பால் கோரைப்பல் விழாமல் நிற்க, பக்கத்திலேயே புதுக் கோரைப்பல் முளைத்து இரட்டைப் பல்லாக நிற்கும். ஆறேழு மாதத்தில் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பால் பல்லை மருத்துவரைக் கொண்டு எடுத்துவிட வேண்டும். கருத்தடை அறுவை செய்வதாக இருந்தால் அதே மயக்கத்திலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். ஒரு செலவு மிச்சம்.

வாயில் கை விடுமுன்

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாய் தின்ன மாட்டேன் என்கிறது, வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக்குகிறது, குரல் மாறிவிட்டது, தண்ணீர் விழுங்க முடியவில்லை என்றால், தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது அல்லது பல்வலி என்று எண்ணி உடனே வாய்க்குள் கை விடுவது நம் மக்களின் இயல்பு. வெறிநோய் கண்ட நாய்க்கும் இதே அடையாளங்கள்தான் தோன்றும். எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிப்பதில்லை. தாடை தொங்கிப்போய் மூலையில் சுருண்டு படுத்திருப்பதும் உண்டு. அதன் எச்சில் கையிலுள்ள சிறு கீறலில் பட்டாலே போதும். வெறிநோய் மனிதருக்குக் கண்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை.

ஆகவே தடுப்பூசி போடாத நாய், அல்லது ஊசி போட்ட விவரம் தெரியாத நாய் இப்படி இருந்தால் வாயைத் தொடவே கூடாது. தனியே அடைத்து வைத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கை விட்டிருந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். நாய் என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. பல் துலக்கும் பழக்கத்தை, வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வரும் நாய்க்கே தொடங்க வேண்டும்.

துலக்குவது எப்படி?

நாய்க்குப் பல் துலக்குவதா என்று சிரிக்க வேண்டாம். காரை படியாமல் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

குட்டிக்குப் பல் மாறி முடிந்ததும் தொடங்குவது நல்லது. பல் மாறும் மாதங்களில் ஈறு வலிக்கும். அப்போது பிரஷ்ஷைப் போட்டால் நாய் அதை ஜன்மத்துக்கும் மறக்காது. முதல் வாரம் உதட்டைத் தூக்கி விரலால் பல்லைத் தொட்டால் போதும். அடுத்த வாரம் பழைய வேட்டித் துணியைச் சுத்தமாகத் துவைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். பழகிய பிறகு குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. கன்னத்தின் பக்கமாக உள்ள வெளிப்புறத்தைத் தேய்த்தாலே பெரும் பலன். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் தாடையின் பின்பற்களில்தான் காரை அதிகம் படியும், அங்கே கவனம் வேண்டும். தினமும் செய்வது உத்தமம். முடியாதவர்கள் ஒன்று விட்டு ஒரு நாளாவது செய்யலாம். வாரத்துக்கு ஒரு முறை என்பதில் பயன் இல்லை. அதற்குள் காரை இறுகிவிடும்.

மனிதர் பற்பசையை நாய்க்குப் போடக் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். சர்க்கரை அளவு விழுந்து, ஈரல் கெட்டு, நாய் இறந்துபோகக் கூடும். பல்பொடி, உப்பு, சாம்பல், கரித்தூள் எதுவும் வேண்டாம். நாய்க்கென்று தனிப் பசை விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரே போதும், ஏனென்றால் வேலை செய்வது பசையல்ல, தேய்ப்புதான்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பது பழைய நம்பிக்கை. காரை கொஞ்சம் உதிரும் என்பது மெய்தான். ஆனால் கெட்டியான ஆட்டு எலும்பில் நாயின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துவிடுவதும், வெந்த கோழி எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் குத்துவதும் அதைவிடப் பெரிய கேடு. வேப்பங்குச்சியும் அப்படியே, துண்டாகி மேலண்ணத்தில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எந்தப் பொருளையும் கடிக்கக் கொடுக்காதிருப்பது நல்லது.

செலவுக் கணக்கு

காரை கட்டிய பிறகு துலக்கிப் பயனில்லை. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். நாய் வாயைத் திறந்துகொண்டு உட்காராது. ஆகவே முழு மயக்கம் கொடுத்து, கருவி கொண்டு ஈறுக்குக் கீழே உள்ள காரையையும் சுரண்டி, பிறகு பல்லை மெருகேற்றுவார்கள். மயக்கத்திற்கு முன் ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, சுத்தம் செய்யும் கூலி, எடுக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் கட்டணம், எக்ஸ்ரே, பிறகு மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. ஒன்றிரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பத்துக்கு ஒரு பட்டுவாடா அப்படியே போய்விடும். ஊருக்கு ஊர், நாயின் நிலைக்குத் தக்கபடி, தொகை மாறும். எத்தனை பல் எடுக்க வேண்டியிருக்கும், அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் சொல்வார்.

குறைந்த செலவில் முடிக்க நினைப்போர் முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். அங்கே பல் வேலைக்குக் கருவி இராது. ஆனால் நோய் எந்த அளவில் இருக்கிறது, பெரிய இடத்துக்குப் போக வேண்டுமா என்பது தெரிந்துவிடும். பெரிய வேலைக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரியும், நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கல்லூரியும் இவற்றில் பழையவை. தனியாரைவிட இங்கே கட்டணம் குறைவு. பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் போகும். அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மயக்கமில்லாமலே காரையைச் சுரண்டித் தருவதாகச் சொல்லும் நாய் அலங்காரக் கடைகளும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரை மட்டும் போய்ப் பல் வெள்ளையாகிவிடும். ஈறுக்குள் இருக்கும் நோய் அப்படியே வளரும். வீட்டில் கத்தி முனையால் சுரண்டுவதும் தவறு.

எப்போது கொண்டு போவது?

வாய் நாற்றம்தான் முதல் அறிகுறி. பிறகு ஒரு பக்கமாக மெல்லுதல், சோற்றைக் கீழே போடுதல், தண்ணீர்க் கிண்ணத்தில் ரத்தம், ஓயாத தும்மல், முகத்தைத் தொட்டால் உறுமுதல். கண்ணுக்குக் கீழே கட்டி போல வீங்கி உடைந்து சீழ் வடிந்தால், அது கண் நோயாக இராமல் மேல் கடைவாய்ப்பல்லின் வேரில் பிடித்த சீழாக இருக்கலாம். களிம்பு போட்டால் ஆறி, மீண்டும் உடையும். பல்லைக் கவனித்தால்தான் தீரும். நாய் வலியை வெளியே காட்டாது. சோறு தின்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். வீட்டிலிருக்கும் தலைவலி, உடம்பு வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்துவிடும்.

மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். மயக்கம் கொடுக்கும் நாளில் எத்தனை மணியிலிருந்து சோறு நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதன்படியே செய்ய வேண்டும். பாவம் என்று விடிகாலையில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். பல்லையெல்லாம் எடுத்துவிட்டால் நாய் எப்படித் தின்னும் என்று பலர் அஞ்சி, ஆடும் பற்களோடே விட்டுவிடுகிறார்கள். நாய் சோற்றை மென்று தின்பது குறைவு, விழுங்குவதே அதிகம். பல் எடுத்த புண் ஆறும் வரை ஒரு வாரம், பத்து நாள் குழையப் பிசைந்த சோறு கொடுத்தால் போதும். வலி போனதும் முன்னைவிட ஆவலாகவே தின்னும்.